கச்சத்தீவு உடன்பாடுகள், 1921–1976: ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

1974 ஜூன் 26 அன்று கொழும்பில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், ஜூன் 28 அன்று புதுதில்லியில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் தலைப்பில் கச்சத்தீவு இடம்பெறவில்லை. இரு நாடுகளுக்கும் இடையிலான வரலாற்று நீர்ப்பரப்பின் எல்லையும் அதைச் சார்ந்த விஷயங்களும் என்பதுதான் அதன் பொருளாகச் சொல்லப்பட்டது. தனுஷ்கோடிக்குக் கிழக்கே ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகளிலிருந்து வடக்கே பாக் நீரிணை வரை ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் கோட்டுக்குக் கிழக்கே உள்ள நீரும் தீவும் கடலடி நிலமும் இலங்கைக்கு, மேற்கே உள்ளவை இந்தியாவுக்கு என்று வகுத்தார்கள். அந்தக் கோடு கச்சத்தீவுக்கு ஒரு மைல் மேற்கே செல்கிறது. உடன்படிக்கை 1974 ஜூலை 8 அன்று நடைமுறைக்கு வந்தது.

எல்லைத் தகராறுகளைத் தீர்த்த வரலாற்றில் இதை வெற்றி என்றே வகைப்படுத்த வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்தக் கோட்டை இரு அரசுகளும் மறுக்கவில்லை. அதற்காக இரு கடற்படைகளும் மோதிக்கொண்டதில்லை. ஆனால் ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரையில் இதே உடன்படிக்கையைத் தோல்வி என்று சொல்லாதவரைப் பார்ப்பது அரிது. இந்த இரு மதிப்பீடுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம், பேச்சுவார்த்தை மேசையில் தீவின் உரிமை என்ற கேள்விக்குக் கிடைத்த கவனம், கடலில் யார் எந்த வலையோடு எவ்வளவு தூரம் தொழிலுக்குப் போகலாம் என்ற கேள்விக்குக் கிடைக்காமல் போனதுதான் என்பது இந்த ஆய்வின் கருத்து.

இடமும் உரிமைக் கோரிக்கைகளும்

கச்சத்தீவின் பரப்பு சுமார் 285 ஏக்கர். குடிநீர் கிடையாது, நிலையான குடியிருப்பும் இல்லை. ராமேசுவரத்துக்கு வடகிழக்கே 12, 13 கடல் மைல் தொலைவிலும், இலங்கையின் நெடுந்தீவுக்கு அதைவிடச் சற்றே அருகிலும் இருக்கிறது. இதனால் தீவைக் கணக்கில் எடுக்காமல் இரு பக்கத்து நிலத்துக்கும் நடுவே கோடு போட்டாலும், கோடு தீவை ஒட்டித்தான் போகும். ஆகவே வெறும் புவியியலை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்ற நிலை இரு தரப்புக்கும் இல்லை. ஆவணங்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

இந்தியத் தரப்பின் ஆவணங்கள் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் பதிவேடுகளிலிருந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாயவேர் எடுக்கும் உரிமைக்காகச் சமஸ்தானம் கொடுத்த குத்தகைகளில் கரையோரக் கிராமங்களோடு தீவுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. கச்சத்தீவும் அவற்றில் ஒன்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, சமஸ்தானத்தின் நிலம் சென்னை மாகாண அரசுக்கு வந்தபோது தீவும் அதோடு வந்துவிட்டது என்பது தமிழ்நாட்டின் வாதம். வருவாய்த் துறைப் பதிவில் ராமேசுவரத்தோடு சேர்த்துத் தீவுக்குச் சர்வே எண் இருந்ததையும் மாநில அரசு சுட்டிக்காட்டி வந்திருக்கிறது.

இந்தக் கரையின் பழைய ஆவணங்களுள் இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும், பொதுமேடைகளில் அது அதிகம் பேசப்படாவிட்டாலும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக் விரிகுடாவின் சங்குப் படுகைகளில் அனுமதியின்றிச் சங்கு எடுத்தவர்கள் மீது திருட்டு வழக்குத் தொடரப்பட்டது. அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் உள்ள கடல் எவருக்கும் சொந்தமில்லை, சொந்தமில்லாததைத் திருட முடியாது என்பது எதிர்வாதம். பாக் விரிகுடா நெடுங்காலமாக ஆட்சிக்கு உட்பட்டு, சங்கும் முத்தும் அரசுரிமையாகவே இருந்துவந்த நீர்ப்பரப்பு என்று நீதிமன்றம் கருதியது. பாக் விரிகுடா திறந்த கடல் அல்ல, வரலாற்று நீர்ப்பரப்பு என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது இந்தச் சங்குத் திருட்டு வழக்கு. அதே கருத்துதான் பின்னாளில் 1974 உடன்படிக்கையின் தலைப்புக்கு வந்து, கோட்டுக்குக் கிழக்கே ராமநாதபுரத்து மீனவர் போவதைத் தடுக்கும் காரணமாகவும் ஆனது.

இலங்கைத் தரப்பின் வாதம் போர்த்துக்கீசிய, டச்சு ஆட்சிக் காலங்களிலிருந்து தீவு யாழ்ப்பாணத்தின் நிர்வாகத்தோடு சேர்ந்திருந்தது என்பதிலும், தீவில் உள்ள புனித அந்தோணியார் ஆலயம் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்துவருவதிலும் ஊன்றியிருந்தது. சர்வதேசச் சட்டத்தின் கண்ணில் இதைவிட முக்கியமானது, தீவின் மீது அரசு என்ற முறையில் யார் அதிகாரம் செலுத்தினார்கள் என்பது. 1928இல் பால்மாஸ் தீவு வழக்கிலும், 1953இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான மெங்கியே, எக்ரஹோ தீவுகள் வழக்கிலும், பழங்காலப் பட்டயத்தைவிடத் தொடர்ச்சியான ஆட்சிச் செயல்களே எடையுள்ளவை என்று தீர்ப்பானது. இந்தியாவின் பலமான ஆவணம் ஜமீன் உரிமை. ஜமீன் உரிமை நிலத்தின் மீதான வருவாய் உரிமையா, நாட்டின் இறையாண்மையா என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை. அட்டர்னி ஜெனரலாக இருந்த எம்.சி. செதல்வாட், விஷயம் சிக்கலற்றதல்ல என்றாலும் சான்றுகளின் எடை இந்தியாவின் பக்கமே சாய்கிறது என்று கருத்துச் சொல்லியிருந்தார். வலுவான வழக்கு என்று அதைச் சொல்லலாம். உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாது.

1921: முதல் கோடு

கச்சத்தீவு குறித்த முதல் பேச்சுவார்த்தை 1921 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. அன்று இரு தரப்புமே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தவை: ஒன்று சென்னை மாகாணம், மற்றொன்று இலங்கைக் குடியேற்ற அரசு. முத்து, சங்குப் படுகைகளில் இரு பக்கமும் மோதிக்கொள்ளாமல் இருக்க ஒரு மீன்பிடி எல்லையை வரைவதுதான் நோக்கம். இலங்கைக் குழுவுக்கு ஹார்ஸ்பர்க், இந்தியக் குழுவுக்குக் காட்டன் தலைமை தாங்கினார்கள். நடுக்கோட்டை ஒட்டி வரைவது என்ற பேச்சு கச்சத்தீவு வந்ததும் நின்றுவிட்டது. ராமநாதபுரம் ராஜாவின் உரிமையை இந்தியக் குழு சொன்னது. இலங்கைக் குழு அதை ஏற்கவில்லை. கடைசியில் கோட்டைத் தீவுக்கு மூன்று மைல் மேற்கே தள்ளி வரைவதென்றும், இது மீன்பிடிப்புக்கான கோடு மட்டுமே, தீவின் மீதான உரிமைக் கோரிக்கையை இது பாதிக்காது என்றும் இணங்கினார்கள். அந்த உடன்பாடு முறையான ஒப்புதலைப் பெறவில்லை.

ஒப்புதல் பெறாத அந்தக் காகிதத்தை நான் 1974 உடன்படிக்கையைவிட நேர்மையானது என்று கருதுகிறேன். நிலவுரிமை வேறு, தொழில் உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழி அதில் இருந்தது. அன்று விட்டுக்கொடுக்கப்பட்டது மீன்பிடிப் பரப்பு. காப்பாற்றப்பட்டது தீவின் மீதான கோரிக்கை. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த உடன்படிக்கை தீவை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு மீன்பிடிப் பரப்பையாவது தெளிவாகக் காப்பாற்றியிருந்தால், கரையின் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

நேருவின் குறிப்பிலிருந்து சென்னைச் சந்திப்பு வரை

விடுதலைக்குப் பிறகு தீவு அவ்வப்போது நாடாளுமன்றத்தில் எழும்பி அடங்கும் விஷயமாக இருந்தது. இந்தியக் கடற்படை அங்கே பயிற்சி நடத்தத் திட்டமிட்டபோது இலங்கை ஆட்சேபித்தது. 1950களின் நடுவில் இலங்கை விமானப்படை அதே தீவில் பயிற்சி நடத்தியபோது இந்தியா கேள்வி எழுப்பியது. 1961 மே மாதம் ஜவாஹர்லால் நேரு எழுதிய கோப்புக் குறிப்பு, இந்தச் சிறு தீவுக்குத் தாம் எந்த முக்கியத்துவமும் தரவில்லை என்றும், உரிமையைக் கைவிடத் தமக்குத் தயக்கம் இல்லை என்றும் சொல்கிறது. நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு நிலுவையிலேயே கிடப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்ற எரிச்சலும் அதில் தெரிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்டு 2024 தேர்தல் நேரத்தில் இது வெளியானபோது பெரும் சர்ச்சை கிளம்பியது. தேர்தல் சர்ச்சை எப்படியிருந்தாலும், தில்லியின் பார்வையில் கச்சத்தீவு ஒரு தொல்லையாகவே இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

தொல்லையை முடிக்க வேண்டிய கட்டாயம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. பாக் விரிகுடா அவ்வளவு குறுகலானது. இரு நாடுகளும் கடல் எல்லையைப் 12 கடல் மைலாக உயர்த்தியபின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. கடலடியில் எண்ணெய் தேடும் எண்ணமும் இருந்தது. கோட்டின் இருபுறமும் பரவிய எண்ணெய், எரிவாயுப் படுகை கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கென்றே உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருக்கிறது. மூன்றாவது ஐ.நா. கடல் சட்ட மாநாடு 1974 ஜூன் 20 அன்று கராகஸில் கூடியது. அந்த மாநாட்டுக்குப் போகும் இரு அண்டை நாடுகள் தங்கள் எல்லையைத் தாங்களே தீர்த்துக்கொண்டவையாகப் போவதில் இரு தரப்புக்கும் லாபம் இருந்தது.

நடுவர் மன்றம் என்ற வழி ஏன் எடுக்கப்படவில்லை என்று கேட்கலாம். ரண் ஆஃப் கட்ச் எனப்படும் உப்புச் சதுப்பு நிலம் பற்றி இந்தியாவும் பாகிஸ்தானும் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய், 1968 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது, தகராறுக்குரிய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குப் போனது. நாடாளுமன்றத்தில் எழுந்த புயலைக் கண்ட தில்லி, மூன்றாம் தரப்பிடம் போகும் வழியை அதன்பின் விரும்பவில்லை. நேருக்கு நேர் பேசுவதுதான் மிச்சம்.

பேச்சின் பின்னணியில் மலையகத் தமிழர், அதாவது இலங்கைத் தோட்டங்களில் குடியேறிய இந்திய வம்சாவளித் தமிழர், எந்த நாட்டின் குடிமக்கள் என்ற பிரச்சினையும் இருந்தது. 1964 அக்டோபரின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவுசெய்து, 1,50,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு விட்டிருந்தது. 1974 ஜனவரியில் சிறிமாவோ தில்லி வந்தபோது அந்த ஒன்றரை லட்சத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். கச்சத்தீவை அந்த ஏற்பாட்டுக்கு விலையாகக் கொடுத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. இரு உடன்பாடுகளின் வாசகங்களிலும் அப்படி ஒரு பிணைப்பு இல்லை. ஆனால் ஆறு மாத இடைவெளியில் அதே இரு தலைவர்கள் இரண்டையும் முடித்தார்கள் என்பதும், 1971 போருக்குப் பிறகு கொழும்பைத் தன் பக்கம் வைத்துக்கொள்வதில் தில்லிக்கு அக்கறை இருந்தது என்பதும் மறுக்க முடியாதவை.

மாநிலத்தைக் கேட்டார்களா என்பது இன்றைக்கும் சண்டையாக இருக்கும் கேள்வி. வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங் 1974 ஜூன் 19 அன்று சென்னையில் முதலமைச்சர் மு. கருணாநிதியைச் சந்தித்து விளக்கினார். ஒரு வாரத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்தச் சந்திப்பில் முதலமைச்சர் இணங்கினார் என்று ஒரு கட்சியும், இல்லை, எதிர்த்தார் என்று மற்றொரு கட்சியும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கையெழுத்தானதும் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டப்பட்டது, ஆகஸ்டில் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறியது என்பவை பதிவான செய்திகள். என் கவனத்துக்கு வருவது அதுவல்ல. மூடிய அறையில், கையெழுத்துக்கு ஏழு நாள் முன்னால், ஒரு அதிகாரி முதலமைச்சரிடம் சொல்வதைக் கலந்தாலோசனை என்று கொள்வதானால், அந்தக் கலந்தாலோசனையில் கடலுக்குப் போகிற ஒருவர்கூட இல்லை. 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் உடன்படிக்கையை வைத்தபோது, ராமநாதபுரம் தொகுதியின் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர் எதிர்த்துப் பேசினார். கரையின் குரல் அரசுப் பதிவில் ஏறியது அப்போதுதான், எல்லாம் முடிந்தபின்.

அதே ஆண்டு, அதே பிரதமர் செய்த இன்னொரு எல்லை உடன்பாட்டோடு இதை வைத்துப் பார்க்கலாம். 1974 மே 16 அன்று இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் செய்த நில எல்லை உடன்பாடு, ஒரு நாட்டுக்குள் சிக்கியிருந்த மற்ற நாட்டின் நிலத்துண்டுகளை மாற்றிக்கொள்வது பற்றியது. 1960இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று சொல்லியிருந்ததால், வங்கதேச உடன்பாடு நூறாவது திருத்தத்தின் வழியே 2015இல்தான் முழுமையாக நிறைவேறியது. கச்சத்தீவு உடன்படிக்கை இரண்டு வாரத்தில் நடைமுறைக்கு வந்தது. தீவு என்றுமே இந்திய நிலமாக நிர்ணயிக்கப்படவில்லை, எல்லை வரையப்படாத தகராறுப் பகுதியில் கோடு போட்டதுதான் நடந்தது, ஆகவே எதையும் கொடுக்கவில்லை, திருத்தமும் தேவையில்லை என்பது மத்திய அரசின் நிலை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நீதிமன்றத்தில் அது பெரிதாக மாறவில்லை. சட்ட வாதமாக இதில் வலு உண்டு. ஆனால் நாற்பத்தோரு ஆண்டு தாமதத்தில் வங்க எல்லையோர மக்களும் மாநில அரசுகளும் பேச வாய்ப்புக் கிடைத்தது. ராமநாதபுரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே மாற்றிக்கொள்ளப்பட்ட நிலத்துண்டுகளில் மனிதர்கள் குடியிருந்தார்கள். கச்சத்தீவில் யாரும் குடியிருக்கவில்லை. வேறுபாட்டுக்கு அது ஒரு காரணம். சுற்றியுள்ள நீரில் நடந்த தொழிலை யாரும் குடியிருப்பாகக் கணக்கிடவில்லை.

ஐந்தாம் பிரிவு, ஆறாம் பிரிவு, 1976 கடிதங்கள்

உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. மீன்பிடிப்பு என்று எந்தப் பிரிவும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அப்படியிருக்க, மீன்பிடிப்பும் யாத்திரையும் கடற்பயணமும் பாதுகாக்கப்பட்டுவிட்டன என்று ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார். பின்னாளில் அதே வெளியுறவு அமைச்சகம், ஐந்தாம் பிரிவு தருவது இளைப்பாறவும் வலை உலர்த்தவும் ஆலயத் திருவிழாவுக்குப் போகவுமான உரிமைதான், மீன்பிடி உரிமை அல்ல என்று விளக்கம் சொன்னது. ஆக, உள்நாட்டில் கொடுத்த உறுதியும் ஒப்பந்த வாசகமும் ஆரம்பத்திலிருந்தே பொருந்தவில்லை. பேச்சுவார்த்தை நடத்துவோர் தெளிவற்ற வாசகத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பது உண்டு, இரு தரப்பும் தத்தம் நாட்டில் வெற்றி என்று சொல்லிக்கொள்வதற்காக. இங்கே அந்தத் தெளிவின்மையின் செலவு முழுவதும் ஒரே கரையின் தலையில் விழுந்தது.

வலை உலர்த்தும் உரிமை பற்றி ஒரு சொல். பருத்தி நூல் வலையை நாள்தோறும் உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். ஆகவே கடல் நடுவே ஒரு மணல் திட்டு கிடைப்பது அந்தக் காலத் தொழிலுக்கு உயிர்நாடி. உடன்படிக்கை கையெழுத்தான காலத்திலேயே நைலான் வலை பரவிவிட்டது. நைலானுக்கு உலர்த்தும் தேவை இல்லை. கரையில் ஒரு வலைக்காரரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

மிஞ்சியிருந்த தெளிவின்மையை 1976 நீக்கியது. அந்த ஆண்டு மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்குமான எல்லை உடன்படிக்கை கையெழுத்தானது. அன்றே இரு வெளியுறவுச் செயலாளர்களான கேவல் சிங்கும் டபிள்யூ.டி. ஜயசிங்கவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும், மற்ற நாட்டின் வரலாற்று நீரிலும் கடல் எல்லையிலும் பொருளாதார மண்டலத்திலும் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டு என்ற மீன்பிடிப் பரப்பு இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. அங்கே பழக்கமாகத் தொழில் செய்துவந்த இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று ஆண்டு அவகாசமும், ஆறு கப்பல் என்ற வரம்பும், ஆண்டுக்கு 2,000 டன் என்ற அளவும் எழுதிக் கொடுக்கப்பட்டன. இதைக் கவனிக்க வேண்டும். இலங்கைக் கப்பல்களுக்காக எண்ணிக்கையும் எடையும் காலமும் குறித்து விலகல் ஏற்பாடு செய்யத் தெரிந்த அதே அதிகாரிகளுக்கு, பாக் விரிகுடாவில் தலைமுறையாகத் தொழில் செய்த ராமநாதபுரத்துப் படகுகளுக்காக அப்படி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை: நாட்டில் நெருக்கடி நிலை, ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டுவிட்டது, சட்டமன்றம் இல்லை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை.

கோட்டுக்கு அப்பால் நடந்தவை

உடன்படிக்கைகள் கையெழுத்தான காலம், இந்தக் கரையில் விசைப்படகு பெருகிய காலமும்கூட. இறால் ஏற்றுமதிக்கு விலை ஏற ஏற, கடலடியை வாரிச் செல்லும் மடி வலையை இழுக்கும் படகுகள் ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கூடின. பாக் விரிகுடாவின் இந்தியப் பக்கம் ஆழம் குறைந்தது; அத்தனை படகுக்கும் தாங்காது. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் சண்டை வந்து, வாரத்தில் இவர்களுக்கு இத்தனை நாள், அவர்களுக்கு இத்தனை நாள் என்று பிரித்துவைக்க வேண்டியதாயிற்று. 1983க்குப் பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போரில் வடபகுதி மீனவர்கள் கடலில் இறங்கத் தடை வந்தபோது, அவர்கள் விட்டுப்போன நீரில் நம் விசைப்படகுகள் தொழில் செய்தன. போர்க்காலத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த நம் மீனவர்கள் பலர். அந்த ரணம் இன்னும் ஆறவில்லை. அதே ஆண்டுகளில்தான் கோட்டுக்கு அப்பால் உள்ள கடலை நம்பி நாம் படகு கட்டினோம், கடன் வாங்கினோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2009இல் போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார், நெடுந்தீவு மீனவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் விரித்த வலையை இழுவைமடி அறுத்துக்கொண்டு போவதைக் கண்டார்கள். தகராறு அதுவரை இரு அரசுகளுக்கு இடையில் இருந்தது. அதன்பின் தமிழ் பேசும் இரு கரைகளுக்கு இடையில் வந்துவிட்டது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்ததற்கு முன்முயற்சி எடுத்தவர் அன்று யாழ்ப்பாணத்துத் தமிழ் உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் என்பதை நம் மேடைகளில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

ராஜதந்திரமும் இதற்கேற்ப உருமாறியது. 2008 அக்டோபரில் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டறிக்கை, இந்தியப் படகுகளைச் சுடுவதில்லை என்றும், இலங்கை குறித்துக் கொடுக்கும் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் இந்தியப் படகுகள் போவதில்லை என்றும் ஏற்பாடு செய்தது. எல்லைக் கோட்டைத் தொடாமல் கோட்டின் நடைமுறையை மட்டும் தளர்த்திய இந்த ஏற்பாடு, சிறிது காலமே நின்றாலும், 1974க்குப் பிறகு நடந்த அறிவார்ந்த முயற்சி என்று சொல்வேன். மீனவர்களே நேருக்கு நேர் உட்கார்ந்த பேச்சுகள் 2010இல் சென்னையிலும், 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மீண்டும் சென்னையிலும், 2016இல் தில்லியிலும் நடந்தன. நம் தரப்பு கேட்டது படிப்படியாக விலக அவகாசம். எதிர்த்தரப்பு கேட்டது இழுவைமடி உடனே நிற்க வேண்டும் என்பது. ஒவ்வொரு முறையும் பேச்சு அந்த இடத்தில் முட்டி நின்றது. 2016 நவம்பரில் அமைக்கப்பட்ட இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு, இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதைத் தன் வேலைகளுள் ஒன்றாக ஏற்றது. அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற மத்திய அரசு 2017இல் திட்டம் கொண்டுவந்தது. மானியம் பெரிது, ஆனால் பாக் விரிகுடாவில் ஒரு இரவில் போய்த் திரும்பிப் பழகிய தொழிலாளிக்குப் பல நாள் கடலில் கிடப்பது வேறு தொழில், வேறு வாழ்க்கை. எதிர்பார்த்த அளவுக்குப் படகுகள் மாறவில்லை.

இதற்கிடையில் தீவை மீட்கும் கோரிக்கை தனிப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெ. ஜெயலலிதா 2008இலும், மு. கருணாநிதி 2013இலும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014இல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோஹத்கி, தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொன்னார். சொன்ன விதம் கரடுமுரடானது என்றாலும் அதன் பின்னால் உள்ள சட்டம் தெளிவானது. சூழ்நிலை மாறிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி எல்லை உடன்படிக்கையிலிருந்து ஒரு நாடு தன்னிச்சையாக விலக முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. 2025 ஏப்ரல் 2 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் மீட்கக் கோரி மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவுக்கே நேரில் போய் இறங்கினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தீவின் உரிமை பற்றி இரு தரப்பும் எங்கே நிற்கின்றன என்று விளக்கத் தேவையில்லை.

மீட்பதால் தொழிலுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தீவு இந்தியாவுக்கு வந்தாலும் கோடு சில மைல்தான் கிழக்கே நகரும். நம் விசைப்படகுகள் பிடிபடும் இடங்களில் பல, தீவைத் தாண்டி நெடுந்தீவுக்கும் மன்னாருக்கும் பக்கத்தில் இருப்பவை. தீவை மீட்டுவிட்டால் கைதுகள் நின்றுவிடும் என்ற நம்பிக்கை கடல் வரைபடத்தின் முன் நிற்காது.

பேசித் தீர்க்கக்கூடியதாக மிச்சமிருப்பது 1976 கடிதங்களே, 1974 கோடு அல்ல. அந்தக் கடிதங்கள் மீன்பிடிப்பை முழுவதுமாகத் தடுக்கவில்லை. வெளிப்படையான அனுமதி இல்லாமல் கூடாது என்றுதான் சொல்கின்றன. அனுமதி தருவது இலங்கையின் கையில் இருக்கிறது, அதைக் கேட்பது தில்லியின் கையில் இருக்கிறது, எந்த வலைக்கு அனுமதி கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது. இழுவைமடிக்கு அனுமதி கிடைக்கப்போவதில்லை. அதை நெடுந்தீவு மீனவர்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள். பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் செவுள் வலையோடு போகும் நாட்டுப்படகுகளுக்கு, எண்ணிக்கை வரம்போடும் பருவ வரம்போடும் அனுமதி கேட்பது வேறு வகைக் கோரிக்கை. வாட்ஜ் திட்டில் இலங்கைக் கப்பல்களுக்கு 1976இல் எழுதிக் கொடுத்ததே அதற்கு முன்மாதிரி. இப்படிக் கேட்க வேண்டுமானால், விசைப்படகுச் சங்கங்களும் நாட்டுப்படகுச் சங்கங்களும் ஒரே அணியாகப் போக முடியாது. அவர்களின் நலன் ஒன்றல்ல என்பதை முதலில் இந்தக் கரையே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இன்றுவரை கூட்டுப் பணிக்குழுவுக்குப் போகும் கோரிக்கைகளில் அந்த வேறுபாடு கோடிட்டுக் காட்டப்படவில்லை.